சொருகியாச்சு, ஆனால் திறக்கவில்லை: பென்டிரைவ் 'மவுன்ட்' ஆவது என்றால் என்ன?

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மாலை பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மகளின் வளைகாப்புப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "தம்பி, இதுல விளக்கு எரியுது. ஆனா திறக்கவே மாட்டேங்குது. படம் எடுத்தவங்ககிட்ட கேட்டா, ஃபார்மட் பண்ணிப் பாருங்கன்னு சொல்றாங்க. பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்க்கா. விளக்கு எரியுதுன்னா பாதி தூரம் வந்தாச்சு. மீதியில எங்க நிக்குதுன்னு பாத்துடலாம்" என்றேன்.

எங்கே நிற்கிறது என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடும் முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். என் மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. அதனால் விளக்கம் பெரும்பாலும் லினக்ஸை ஒட்டியே இருக்கும். விண்டோஸ்காரர்களுக்குத் தேவையானதையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். பெரிய கணினிகள் ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், தகவல்கள் டேப் சுருள்களிலும் கனமான டிஸ்க் அடுக்குகளிலும் இருந்தன. தேவைப்படும்போது ஆபரேட்டர் ஒருவர் அலமாரியிலிருந்து சுருளை எடுத்துவந்து, இயந்திரத்தில் கையால் ஏற்றிப் பொருத்துவார். அப்படி ஏற்றுவதற்குப் பெயர்தான் மவுன்ட். பிறகு வந்த யூனிக்ஸ் என்ற இயங்குதளம் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. ஆனால் ஏற்றும் வேலை கையிலிருந்து மென்பொருளுக்கு மாறிவிட்டது. சேமிப்புப் பொருள் ஒன்றில் இருக்கும் ஃபைல்களை, கணினியின் ஃபோல்டர் மரத்தில் ஓர் இடத்தில் கொண்டுபோய் ஒட்டவைப்பதுதான் இன்றைய மவுன்ட்.

விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஓர் எழுத்து. ஏ, பி இரண்டும் அந்தக் காலத்து ஃபிளாப்பிக்கு ஒதுக்கப்பட்டவை. சி-யில் விண்டோஸ் குடியிருக்கும். பென்டிரைவுக்கு டி, ஈ, எஃப் என்று மிச்சமிருக்கும் எழுத்துகளில் ஒன்று கிடைக்கும். லினக்ஸில் இந்த எழுத்துக் கணக்கே கிடையாது. ஒரே மரம்தான். அதன் வேரில் ஒரு சாய்கோடு, அதிலிருந்து எல்லா ஃபோல்டர்களும் கிளைகளாகப் பிரிகின்றன. பென்டிரைவைச் சொருகினால், உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் 'மீடியா' என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பயனர் பெயருக்குக் கீழே, பென்டிரைவின் பெயரில் புது ஃபோல்டர் ஒன்று முளைக்கும். ஃபெடோராவில் அதே 'மீடியா', 'ரன்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். மேக் கணினியில் 'வால்யூம்ஸ்' என்ற ஃபோல்டர்.

இதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அந்த ஃபோல்டர் வேறு, பென்டிரைவ் வேறு. ஃபோல்டர் என்பது திண்ணை மாதிரி. ஆள் வந்து உட்கார்ந்தாலும் திண்ணைதான், வராவிட்டாலும் திண்ணைதான். பேக்கப் எடுப்பதற்காக நாமே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, வெளி ஹார்ட் டிஸ்கை அதில் மவுன்ட் செய்து பழகியிருப்போம். ஒரு நாள் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் இருக்கும்போது அதே ஃபோல்டரில் ஃபைல்களைப் போட்டால், அவை கணினியின் சொந்த டிஸ்கில் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெளி டிஸ்கில் பேக்கப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருப்போம். அடுத்த முறை டிஸ்க் சரியாக மவுன்ட் ஆனதும், அதன் ஃபைல்கள் மேலே வந்து நாம் போட்டவற்றை மறைத்துவிடும். அவை அழியவில்லை, அடியில் இருக்கின்றன. டிஸ்கை இறக்கினால் மறுபடியும் தெரியும்.

ஒரு நொடிக்குள் நடக்கும் வேலைகள்

சொருகியதும் திறப்பதைப் பார்த்துப் பழகிவிட்டதால், நடுவில் ஒன்றும் இல்லை என்று தோன்றும். உண்மையில் வரிசையாகப் பல வேலைகள் நடக்கின்றன. போர்ட்டிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் போகிறது. பென்டிரைவுக்குள் இருக்கும் சிறிய சில்லு விழித்துக்கொண்டு, நான் இன்ன நிறுவனம், இன்ன மாடல், நான் ஒரு சேமிப்புச் சாதனம் என்று தன்னை அறிமுகப்படுத்துகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதைக் கேட்டு, எஸ்டிபி என்பது போல ஒரு பெயர் கொடுக்கிறது. பிறகு பென்டிரைவின் தொடக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷன் அட்டவணையைப் படித்து, உள்ளே எத்தனை பாகங்கள் என்று பார்க்கிறது. முதல் பாகம் எஸ்டிபி1. அந்தப் பாகத்தில் எந்த ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை, இருக்கிறது என்று அதன் அடையாளக் குறியை வைத்துக் கண்டுபிடிக்கப்படுகிறது. கடைசியில்தான், பின்னணியில் ஓடும் யூடிஸ்க்ஸ் என்ற நிரல் அதை ஃபோல்டரில் ஏற்றுகிறது. ஃபைல் மேனேஜரில் நாம் காண்பது இந்தக் கடைசிப் படியை மட்டும்தான்.

ஆகவே 'பென்டிரைவ் வேலை செய்யவில்லை' என்றால், இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று பொருள். எந்த இடம் என்று தெரியாமல் எதையும் செய்யக் கூடாது. ஃபார்மட் செய்வது கடைசிக்கு முந்தின படியை அழித்துப் புதிதாக எழுதும் வேலை. கேபிளில் கோளாறு இருக்கும்போது ஃபார்மட் செய்ய முயல்வது, தெருவிளக்கு எரியவில்லை என்று வீட்டுச் சுவரை இடிப்பதற்குச் சமம்.

எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் எல், எஸ், பி, எல், கே என்று ஐந்து எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கணினிக்குத் தெரிந்த டிஸ்குகள் எல்லாம் பட்டியலாக வரும். பெயர், அளவு, உள்ளே இருக்கும் பாகங்கள், கடைசிப் பத்தியில் அது எந்த ஃபோல்டரில் மவுன்ட் ஆகியிருக்கிறது என்ற விவரம். இந்த ஒரு கட்டளை போதும், முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும். எதையும் மாற்றாது, பார்க்க மட்டும் செய்யும். அதனால் பயமில்லாமல் தட்டலாம். டெர்மினல் பிடிக்காதவர்கள், உபுண்டு, மின்ட் இரண்டிலும் கிடைக்கும் 'டிஸ்க்ஸ்' என்ற நிரலைத் திறந்தால் அதே விவரம் படமாகத் தெரியும்.

பென்டிரைவைச் சொருகாமல் ஒரு முறை, சொருகிவிட்டு ஒரு முறை தட்டிப் பாருங்கள். இரண்டாவது முறை புதிதாக வந்த வரிதான் உங்கள் பென்டிரைவ். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பென்டிரைவை எஸ்டிபி என்றே எழுதியிருப்பார்கள். கணினியின் சொந்த டிஸ்க் எஸ்டிஏ ஆக இருந்த நாளில் அது சரி. இப்போது பல கணினிகளில் என்விஎம்இ வகை டிஸ்க் இருக்கிறது. அதன் பெயரே வேறு மாதிரி இருக்கும். அங்கே பென்டிரைவ்தான் எஸ்டிஏ. இன்னொரு கணினியில் எஸ்டிஏ என்பது குடும்பத்தின் பத்து வருடப் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்காக இருக்கலாம். கண்டுபிடித்த வரிசைப்படிதான் இந்த எழுத்துகள் கிடைக்கின்றன, நாளைக்கு மாறவும் மாறும். அளவைப் பார்த்து உறுதி செய்யாமல் எந்தக் கட்டளையிலும் இந்தப் பெயரைப் போடாதீர்கள்.

சரி, பட்டியலில் புது வரி வரவே இல்லை என்றால்? அப்போது கோளாறு அடிப்படியில். ஃபைல் சிஸ்டம், ஃபார்மட் பற்றியெல்லாம் யோசிக்கவே வேண்டாம். மேசைக் கணினி என்றால் முதலில் பெட்டியின் பின்பக்க போர்ட்டில் சொருகிப் பாருங்கள். பின்பக்க போர்ட்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. முன்பக்க போர்ட்கள் பெட்டிக்குள் ஓடும் ஒரு வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன. அந்த வயர் தளர்ந்திருந்தால், மின்சாரம் வரும், விளக்கு எரியும், ஆனால் தகவல் போகாது. ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகுங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு அடங்கினால், பெரும்பாலும் மின்சாரம் பற்றாக்குறை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும் என்பது கணக்கு, 3.0 போர்ட் 900 வரை. உள்ளே இருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் டிஸ்க் அதிகமாகக் கேட்கும். பழைய போர்ட்டில் சொருகியிருந்தால் நீல நிற போர்ட்டுக்கு மாற்றுங்கள். பல கணினிகளில் 3.0-க்கு நீலம்தான் அடையாளம். நல்ல போர்ட்டிலும் அதே சத்தம் தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அது டிஸ்கின் உள் இயந்திரக் கோளாறாக இருக்கலாம். மறுபடி மறுபடி ஓடவிட்டால் நிலைமை மோசமாகும். சத்தம் எதுவும் இல்லாமலே பட்டியலில் வரவில்லை என்றால், கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் கம்பிகள் இருக்காது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

சொருகும் நேரத்தில் கர்னல் என்ன சொல்கிறது என்பதையும் கேட்கலாம். 'சூடோ' (எஸ், யூ, டி, ஓ) என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு டி, எம், ஈ, எஸ், ஜி, மறுபடி ஓர் இடைவெளி, பிறகு ஒரு சிறு கோடும் டபிள்யூவும். கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்ததும் திரை அப்படியே காத்திருக்கும். அப்போது பென்டிரைவைச் சொருகினால் ஒவ்வொரு படியும் வரி வரியாக ஓடும். 'எரர்' என்ற சொல்லோடு மைனஸ் 71 என்று வந்தால் பேச்சுவார்த்தை பாதியில் குழறிவிட்டது என்று அர்த்தம், மைனஸ் 110 என்றால் பதில் வராமல் நேரம் முடிந்துவிட்டது. இரண்டும் பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் அல்லது பென்டிரைவின் சில்லு தொடர்பானவை.

பட்டியலில் வரி வருகிறது, ஆனால் அளவு பூஜ்யம் என்று காட்டினால் இரண்டு விதம். கார்டு ரீடரில் கார்டு இல்லாமல் இருக்கும்போது பூஜ்யம் காட்டுவது இயல்பு. பென்டிரைவே பூஜ்யம் காட்டினால், சில்லு மட்டும் உயிரோடு இருந்து, தகவல் இருக்கும் நினைவகத்தை அதனால் எட்ட முடியவில்லை. அதை வீட்டில் இருந்தபடி சரிசெய்ய வழி இல்லை.

எஸ்டிபி இருக்கிறது, எஸ்டிபி1 இல்லை என்றால் பார்ட்டிஷன் அட்டவணை போயிருக்கலாம். சில பென்டிரைவ்களில் அட்டவணையே இல்லாமல் நேராக ஃபைல் சிஸ்டம் எழுதப்பட்டிருக்கும், அப்போது எஸ்டிபி நேரடியாக மவுன்ட் ஆகும். அதுவும் ஆகவில்லை என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச நிரல் தொலைந்த பாகங்களைத் தேடிக் கொடுக்கும்.

ஃபைல் சிஸ்டம் படி

அக்காவின் பென்டிரைவில் எஸ்டிபி, எஸ்டிபி1 இரண்டும் அழகாக வந்தன. அளவும் சரி. மவுன்ட் பத்தி மட்டும் காலி. ஃபைல் மேனேஜரில் அழுத்தினால், ஃபைல் சிஸ்டம் வகை தவறு, ஆப்ஷன் தவறு, சூப்பர்பிளாக் தவறு என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லும் நீண்ட ஆங்கிலச் செய்தி வந்தது. புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்துத்தான் மிரண்டுபோகிறார்கள். படங்கள் எல்லாம் போய்விட்டன என்று முடிவுகட்டி ஃபார்மட் செய்பவர்களும் உண்டு. ஆனால் இந்தச் செய்தி ஒரு முடிவைச் சொல்வதில்லை. மவுன்ட் ஆகவில்லை, காரணம் இவற்றில் ஏதோ ஒன்று, என்பதுதான் அதன் பொருள். உண்மையான காரணம் கர்னல் எழுதும் வரிகளில் இருக்கும்.

அங்கே பார்த்தேன். பென்டிரைவ் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்-இல் இருந்தது. அதில் 'டர்ட்டி' என்ற குறி எழுதப்பட்டிருந்தது. விண்டோஸ் ஒரு டிஸ்கில் எழுதத் தொடங்கும்போது இந்தக் குறியை வைக்கும், ஒழுங்காக இறக்கும்போது எடுத்துவிடும். நடுவிலேயே பிடுங்கினால் குறி அப்படியே நின்றுவிடும். 2021-இல் லினக்ஸ் கர்னல் 5.15-இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் (என்டிஎஃப்எஸ்-ஐக் கையாளும் நிரல்) இந்தக் குறியைப் பார்த்தால் மவுன்ட் செய்ய மறுக்கும். பாதியில் நின்ற கணக்குப் புத்தகத்தில் மேற்கொண்டு எழுதினால் குழப்பம் கூடும் என்பதால் மறுக்கிறது. அது நம் ஃபைல்களுக்கு நல்லது.

பென்டிரைவை ஒரு விண்டோஸ் கணினியில் போட்டு, அதன் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ் என்று போய், பிழை பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். முடிந்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து இறக்கினேன். திரும்பிவந்து லினக்ஸில் சொருகியதும் திறந்துகொண்டது. படங்கள் அத்தனையும் இருந்தன. ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா கேட்டபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் படம் எடுத்தவர்களிடம் மூலப் படங்கள் இல்லை, அழித்துவிட்டார்கள்.

இதே வகைச் சிக்கல் இன்னொரு வழியிலும் வரும். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணையாது. தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகும். அந்த நேரத்தில் வெளி டிஸ்க் சொருகியிருந்தால், விண்டோஸின் கணக்கில் அது இன்னும் பயன்பாட்டில்தான் இருக்கிறது. கழற்றி லினக்ஸில் போட்டால் எழுத விடாது, அல்லது மவுன்ட்டே ஆகாது. ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்கள் அந்த வசதியை அணைத்துவிடுவது நல்லது. ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த ஒரு முறைக்குத் தப்பலாம்.

எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய மெமரி கார்டுகள் இதில்தான் வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 2019-இல்தான் இதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. அதற்குப் பிறகே லினக்ஸ் கர்னலுக்குள் இதற்கு முறையான டிரைவர் வந்தது. பழைய லினக்ஸ் ஓடும் கணினியில் 64 ஜிபி கார்டு திறக்கவில்லை என்றால், கார்டைக் குறை சொல்வதற்கு முன் எக்ஸ்ஃபேட் தொகுப்பை நிறுவிப் பாருங்கள். ஃபேட்32 என்ற பழைய வகை எங்கும் திறக்கும், ஆனால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது.

விண்டோஸில் இந்தப் படியில் வரும் செய்திதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது: 'இந்த டிஸ்கைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்டு, பக்கத்திலேயே பொத்தானையும் வைத்திருக்கும். விண்டோஸுக்கு அந்த ஃபைல் சிஸ்டம் புரியவில்லை என்பதுதான் அதன் உண்மையான பொருள். லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் இருக்கும், எந்தக் குறையும் இல்லாத பென்டிரைவைப் போட்டாலும் இதே கேள்வி வரலாம். கேன்சல் கொடுத்துவிட்டு வேறு கணினியில் பாருங்கள். கேள்வியும் வராமல், டிரைவும் தெரியாமல் இருந்தால், 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து பாருங்கள். பாகம் இருந்தும் எழுத்து இல்லாமல் இருக்கலாம். வலது கிளிக் செய்து ஓர் எழுத்து கொடுத்தால் போதும். ஆபீஸ் கணினிகளில் நெட்வொர்க் டிரைவுக்குக் கொடுத்த எழுத்தோடு மோதிக்கொண்டு இப்படி ஆவதுண்டு.

மவுன்ட் ஆகிறது, ஆனால்

எழுத முடியவில்லை என்றால், எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் சிறு தள்ளுவிசையைப் பாருங்கள். கீழே இறங்கியிருந்தால் பூட்டு. ரீடரில் நுழைக்கும்போது உரசி அதுவே இறங்கிவிடும். அது சரியாக இருந்தும் எழுத முடியாவிட்டால், பிழை கண்டு கர்னலே 'படிக்க மட்டும்' என்று மாற்றியிருக்கலாம். அந்த நிலையில் முதல் வேலை, உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு நகலெடுப்பது. சில பென்டிரைவ்கள் ஆயுள் முடியும்போது இப்படித்தான் கடைசி வாய்ப்பைக் கொடுக்கின்றன.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபைல்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகத் தெரிந்தால் அது மவுன்ட் கோளாறு இல்லை, வைரஸ். அது உண்மையான ஃபைல்களை மறைத்துவைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கும். விண்டோஸின் மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்தாது என்பதால், லினக்ஸில் போட்டால் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியே கண்ணில் படும். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் மொத்தமாகக் கிடப்பதும் உண்டு. அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஷார்ட்கட்களை மட்டும் அழுத்தாதீர்கள்.

எந்த வழியிலும் மவுன்ட் ஆகவில்லை, உள்ளே இருப்பது விலைமதிப்பில்லாதது என்றால், பழுதுபார்க்கும் நிரல் எதையும் அந்த டிஸ்கின் மேலேயே ஓட்டாதீர்கள். டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் ஒரே ஃபைலாகப் பிரதி எடுத்துவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலை அந்தப் பிரதியின் மேல் ஓட்டுங்கள். தப்பு நடந்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

அப்புறம், இறக்குவது. ஃபைலை நகலெடுக்கும்போது லினக்ஸ் அதை முதலில் ரேமில் வாங்கிவைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகப் பென்டிரைவில் எழுதும். பென்டிரைவ் மெதுவானது என்பதால் இந்த ஏற்பாடு. நகலெடுக்கும் பட்டை முழுதாக நிரம்பியிருக்கும், உள்ளே இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். எஜெக்ட் கொடுத்தால், மிச்சத்தையும் எழுதி முடித்து, கணக்கை மூடிவிட்டுத்தான் விடும். அதனால் பெரிய படக்கோப்பு என்றால் எஜெக்ட் சில நிமிடங்கள்கூட எடுக்கலாம், பொறுத்துத்தான் ஆக வேண்டும். விண்டோஸ் 10-இல் 2018-இன் 1809 பதிப்பிலிருந்து, சட்டென்று கழற்ற ஏதுவான அமைப்பே இயல்பாக இருக்கிறது. அப்படியிருந்தும், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. அக்காவின் பென்டிரைவுக்கு நடந்தது அதுதான்.

எஜெக்ட் கொடுக்கும்போது 'பிஸி' என்று மறுத்தால், ஏதோ ஒரு நிரல் அதிலிருக்கும் ஃபைலைத் திறந்துவைத்திருக்கிறது. படம் பார்க்கும் நிரலையும் ஆபீஸ் ஃபைல்களையும் மூடுங்கள். அதன் பிறகும் மறுத்தால், டெர்மினல் ஜன்னல் ஒன்று அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சி, டி என்று இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால் டெர்மினல் உங்கள் சொந்த ஃபோல்டருக்குத் திரும்பிவிடும், பென்டிரைவும் இறங்கிவிடும்.